நடுவில் ஒரு ‘த்’

ஒட்டுசுட்டான் செயலகத்துக்கு எதிரே
என் போட்டோக்கொப்பிக் கடை.
பக்கத்துக்குப் பத்து ரூபா,
படிவம் நிரப்ப ஐம்பது.
அழுதால் காசு வாங்குவதில்லை.

செவனம்மா அழவில்லை.
முத்தையன்கட்டு வலதுகரையிலிருந்து
காலை பஸ்ஸில் வந்தவள்,
காணிப் பத்திரம் கேட்டு.
மூன்று இடப்பெயர்வில் நனைந்து காய்ந்த
பிறப்புச் சான்றிதழை
கண்ணாடியில் விரித்தேன்.
தந்தையின் இனம்: இந்தியத் தமிழர்.
தாயின் இனம்: மேற்படி.

இந்தியாவுக்கு எப்ப போனீங்கள் என்றேன்.
“போனதே இல்ல தங்கச்சி.
இந்தியாதான் ஒருக்கா வந்துச்சு,
எண்பத்தேழுல.
நம்ம கெணத்துல தண்ணி மொண்டு குடிச்சுச்சு.
போறப்ப
ஒரு ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போச்சு.”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.
அது சினை ஆடு.

நாடு ஆளாவது இங்கே புதிதல்ல.
சுவிஸ் வந்து நிக்குது என்கிறாள்
பக்கத்துக் காணி ரஞ்சிதமலர்.
எட்டிப் பார்த்தால்
அரைக் காற்சட்டையோடு ஒரு மனிதர்
நுளம்புவலைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறார்.
கனடா இந்த மாசம் காசு அனுப்பேல்லையாம்.
அவ்வளவு பெரிய நாடு,
அவளுடைய மைத்துனன்.

ஆள் இடமாவதும் நடந்தது.
ஓமந்தையில் வரிசையில் நின்றபோது
அந்தப் பக்கத்துக் காகிதங்களில் எங்கள் பெயர்
கட்டுப்பாடற்ற பகுதி.
எனக்குப் பதின்மூன்று வயது.
ரெட்டைப் பின்னல் போட்டிருந்தது பகுதி.
பையைத் திறந்து
கணக்குக் கொப்பியை உதறிக் காட்டியது பகுதி.
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு
வெயிலில் நான்கு மணித்தியாலம் நின்றது.

இப்போது ஏழாம் நிரல்.
தேசியம் என்று அச்சடித்து
முன்னால் ஒரு கோடு.
மண்ணைக் கேட்கிறதா, ஆளையா?

இலங்கை என்று எழுதலாம்.
அரை ஏக்கர் கேட்டு வந்தவள்
தீவு முழுவதையும் தன் பெயருக்கு எதிரே
வைத்திருப்பது போலிருக்கும்.
இலங்கையர் என்றால் ஒரு கூட்டம்.
இவள் தனியே நிற்கிறாள்,
திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு மட்டும் காசோடு.
இலங்கையன் இருக்கிறான்.
இலங்கையள்?
எந்த வாயும் சொல்லி நான் கேட்டதில்லை.
எழுதிப் பார்த்தேன், கடுதாசி ஓரத்தில்.
எழுத்துப்பிழை மாதிரி நின்றது.

உள்ளே கேட்டுவரப் போனேன்.
முதல் மேசை: நாட்டைப் போடுங்கோ.
இரண்டாம் மேசை: இல்லை, இல்லை, ஆக்களைப் போடுங்கோ,
சான்றிதழில என்ன இருக்கோ அது.
மூன்றாம் மேசை சாப்பிடப் போயிருந்தது.

இந்திய-த்-தமிழர்.
இலங்கை-த்-தமிழர்.
இரண்டிலும் நடுவில் அந்த ஒற்று.
வல்லினம் மிகும் என்று பள்ளியில் எழுதவைத்தார்கள்.
நாட்டுக்கும் அது சொந்தமில்லை, ஆளுக்கும் இல்லை.
இரண்டும் நெருங்கும்போது
உரசலில் பிறக்கிறது.
எடுத்துவிட்டால்
யாரும் சாகமாட்டார்கள்,
ஆனால் வாய் தடக்கும்.

“என்னா எழுதப் போற?”
நீங்களே சொல்லுங்கோ.
“வலதுகரைன்னு போடு.
பொறந்த மலைய விட்டு வந்தப்போ
ஏத்துக்கிட்டது அந்த வாய்க்காதான்.”

போட்டேன்.
ஒரு மணிக்கு முன்பே திரும்பி வந்தது,
சிவப்புப் பேனாவால் வெட்டி.
மேலே இலங்கை என்று யாரோ
அவசரமாய் எழுதியிருந்தார்கள்.
கீழே வலதுகரை
வெட்டுக்குள்ளும் வாசிக்கக் கிடந்தது.
அவளுக்கு ஒரு பிரதி வேண்டுமாம்,
வெட்டோடு.

மூன்றேகால் பஸ்ஸில் போய்விட்டாள்.
அதன்பிறகு எடுத்த பிரதிகளிலெல்லாம்
ஒரு கறுப்புப் புள்ளி.
கிராம அலுவலரின் சுற்றறிக்கையில்,
ரஞ்சிதமலரின் மின்பட்டியலில்,
ஆரோ ஒரு பெடியனின் கடவுச்சீட்டில்
நாட்டின் பெயருக்குச் சற்று மேலே.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
கண்ணாடியில் ஒரு மண் துணிக்கை,
அவளுடைய தாளிலிருந்து உதிர்ந்தது.
எந்த ஊர் மண் என்று
மண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

துடைக்க வேண்டும்.
நாளைக்கு.